இரண்டாவது கிளாஸ்

கிள்ளான்
10 மே 2024

அன்பு மகள் ஷாமினிக்கு,

அப்பா சபாபதி, பக்கத்து வீட்டுத் தாமரையின் கையால் எழுதிக்கொள்வது. வேளைக்குச் சாப்பிட்டு, ஃபிளாட் படிக்கட்டை ஒரு தரம் ஏறி இறங்கி, நான் நன்றாகவே இருக்கிறேன். மெல்பர்ன் குளிருக்கு நீயும் மாப்பிள்ளை செந்தூரனும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் நீ பேசினால் எனக்குக் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. காதில் மாட்டும் மிஷின் போனைக் கண்டதும் விசில் அடிக்கிறது. நமக்குக் காயிதமே சரி. தாமரை காதோரம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தால் ஒரு வார்த்தை தப்பாது. ஒருதரம் கேட்டதை நான் எப்போது மறந்தேன்?

நீ அனுப்பிய டேப், அந்தத் தொடுகிற கண்ணாடிப் பலகை, வந்து சேர்ந்தது. உன் ஆபீசில் செய்த விளையாட்டு அதற்குள் இருக்கிறது என்றாய். விளையாட்டு என்றால் சுடுவார்கள், குதிப்பார்கள் என்று நினைத்தேன். தாமரை எதையோ தொட்டாள். மழை பெய்தது அம்மாடி. கண்ணாடிக்குள் மழை. தகரக் கூரையிலிருந்து கயிறு கயிறாக ஒழுகுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். பிரிக்பீல்ட்ஸ் தெருவோரத்தில், முதலாளி சின்னையாவின் ஒட்டுக்கடை! நான் தேத்தண்ணி, கோப்பித் தண்ணி கலக்கிய மேசை! ஆணியில் ஈரத்துணி, வாய் நசுங்கிய கூஜா, காம்பு வளைந்த கரண்டி. அந்தக் கரண்டி எந்தப் பக்கம் வளைந்தது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். வலது பக்கம். நீயும் வலது பக்கமே வரைந்திருக்கிறாய்.

பிறகு மேசைமேல் இரண்டு கைகள் வந்தன. இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. நான் என் கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். தாமரை இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். தன் முகத்தை யாரும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். தான் தண்ணி கலக்குவதைத் தள்ளி நின்று யார் பார்த்திருக்கிறார்கள்? நான் பார்த்தேன்.

அப்போது ஒரு ரயில் போனது. மேசையில் கிளாஸ்கள் எல்லாம் கிடுகிடு என்று நடுங்கின. நான் எழுந்துவிட்டேன்.

"கிளாஸைப் பிடி பிள்ளை, விழுந்துரும்!"

"ஐயோ மாமா, அது படம் லா!"

பள்ளிக்கூடப் பையோடு பால்டின் பெட்டிமேல் உட்கார்ந்து நீ கணக்குப் போடுவாய். தலையையே தூக்க மாட்டாய். இத்தனையையும் எப்போது பார்த்தாய்?

இதில் யாரை ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் அப்பா,
சபாபதி

அக்கா, மாமா பேச்சாகச் சொல்வதைத் தமிழ்ப்பள்ளியில் படித்த மாதிரி எழுத்தாக எழுதுகிறேன். பேச்சில் சொன்னால்தான் ருசி என்கிற இடத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். — தாமரை


மெல்பர்ன்
24 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஷாமினியின் வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாங்கள் இருவரும் நலம். அவருக்கு வேலை அதிகம், அதனால் தனியாக எழுதவில்லை. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இதில் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை அப்பா. மழைக்கு ஒதுங்க ஆட்கள் வருவார்கள். தண்ணி கேட்பார்கள். பதமாகக் கலக்கிக் கொடுத்தால் மனம் விட்டுப் பேசுவார்கள். நடுவில் நீங்கள் சொல்வதற்கு மூன்று வரிகள் வரும். ஒன்றைத் தொட்டால் அதை நீங்கள் சொன்னதாக ஆகும். அவ்வளவுதான். யாரும் சாக மாட்டார்கள். கடை நொடித்துப் போகாது. இப்படி உட்கார்ந்து கேட்கிற விளையாட்டுக்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸில் ஐந்து பேர். கடையையும் ஆட்களையும் வரைவது நான். அவர்கள் பேச்சை எழுதுவதும் நான். குரல் கிடையாது, எழுத்து மட்டும்தான். தமிழும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தாமரை படித்துச் சொல்லுவாள்.

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இப்போதும் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ தானே? தாமரை, மாமா அப்படி இப்படி என்று பால்டின்னைத் தொட்டால் எனக்கு எழுது.

அன்புடன்,
ஷாமினி


கிள்ளான்
8 ஜூன்

அன்பு மகள் ஷாமினிக்கு,

அப்பா நலம். கால் வீக்கம் காலையில் வடிகிறது, சாயங்காலம் திரும்பி வருகிறது. நீங்கள் இருவரும் நலம் என்று கேட்டுச் சந்தோஷம். உன் காயிதம் வந்தால் உறையை நானே பிரித்து, தாளை மட்டும் தாமரையிடம் கொடுக்கிறேன். உறை எனக்கு. அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

கடை நடக்கிறது. ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர் வருகிறார். முதல் நாள் அவருக்கு நான் சீனியைக் கூட்டிவிட்டேன். மனிதர் ஒன்றும் சொல்லாமல் பாதியை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் திரும்பி வந்தார். தப்பாகக் கலக்கியவனிடம் திரும்பி வந்து உட்காருகிற மனதை எப்படி அம்மாடி எழுதினாய்?

தாமரைக்கும் எனக்கும் தினமும் சண்டை. அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் டேப்பை மூடப் பார்க்கிறாள்.

"ஆள் உட்கார்ந்திருக்கும்போது கடையைச் சாத்துவாங்களா?"

"மாமா, அவர் அங்கயேதான் இருப்பாரு. நான் வேலை முடிஞ்சு வந்து திறந்தா அதே இடத்துல இருப்பாரு லா."

"அவ்வளவு நேரம் கையில கிளாஸோடவா?"

அப்படியே இருந்தார்! தாமரை திரும்பி வந்து தொட்டதும், கிளாஸில் ஆவிகூட அடங்கவில்லை. எனக்காக ஒருவர் ஆவி பறக்கப் பறக்கக் காத்திருந்தார்.

ஒருத்தி மட்டும் மனதைப் போட்டு அறுக்கிறாள். சிவப்புக் குடைக்காரி. மழை வலுத்தால் வருகிறாள். இரண்டு கிளாஸ் கேட்கிறாள். ஒன்று இஞ்சி தட்டிய தே. இன்னொன்று கோப்பி ஓ, சீனி இல்லாமல். இஞ்சித் தேயைக் குடிக்கிறாள். கோப்பி தொடாமல் ஆறுகிறது. வராத யாருக்கோ வைத்திருக்கிறாள். புருஷனாகத்தான் இருக்கும். அவனுக்கும் என்னைப்போலச் சர்க்கரை வியாதி போலிருக்கிறது.

தாமரை மூன்று வரியையும் படித்தாள். 'யாருக்குக் காத்திருக்கீங்க?' என்பது ஒன்று. 'எல்லாம் சரியாயிடும்' என்பது ஒன்று. 'வேற தண்ணி கலக்கட்டுமா?' என்பது கடைசி. ஒவ்வொரு மழைக்கும் ஒன்றாகத் தொட்டுப் பார்த்தோம். எதைத் தொட்டாலும் "பரவாயில்லைண்ணே, கிளம்புறேன்" என்று எழுந்து மழையில் இறங்கிவிடுகிறாள். அவளிடம் என்னதான் சொல்ல வேண்டும்? நீதானே எழுதினாய், உனக்குத் தெரியுமே.

போன வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்டவர், என் பதிலுக்கு நிற்காமல் பிரகாரத்துக்குள் போய்விட்டார். என்ன அவசரமோ.

உன் அப்பா,
சபாபதி


மெல்பர்ன்
19 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். வீடு மாற்றினேன். பெட்டிகளை இன்னும் பிரித்து முடிக்கவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கால் எப்படி இருக்கிறது?

இனிமேல் இங்கே எழுத வேண்டாம் அப்பா. என் தோழி ஜனகா சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அதற்கு அனுப்புங்கள். அவள் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். சீக்கிரம் கிடைக்கும்.

சிவப்புக் குடைக்காரியை விடுங்கள். அவளுக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. இதுவரை எத்தனையோ பேர் விளையாடிவிட்டார்கள். ஒருவரிடமும் அவள் பேசியதில்லை. கார்டைப் பாருங்கள், நாசி லெமாக் சோறு விற்கிற அக்காவைப் பாருங்கள். அவர்களிடம் நல்ல கதைகள் இருக்கின்றன.

மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

ஷாமினி


கிள்ளான்
24 ஆகஸ்ட்

அன்பு மகள் ஷாமினிக்கு,

அப்பா நலம். நீ நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? புது வீட்டில் அடுப்பு நன்றாக எரிகிறதா?

உன் காயிதம் இந்தத் தடவை சுருக்க வந்துவிட்டது. விமானம் வேகமாகப் பறக்கிறது போலிருக்கிறது.

குடைக்காரியை விடச் சொன்னாய். நான் விட்டாலும் மழை விடவில்லையே. பெய்தால் வருகிறாள். நம் கடைக்கு முன்பு ஒருவர் வருவார், நீ பார்த்திருப்பாய், சாக்கடை ஓரத்து மேசை, செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர். மனைவி இறந்து, காரியம் முடிந்த மறுநாள் வந்து, பழக்கத்தில் இரண்டு தே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் அப்படியே நின்றுவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். அன்றிலிருந்து அவர் கேட்காமலேயே இரண்டு வைத்தேன். வெகுகாலம் கழித்து ஒருநாள், "சபா, இனிமே ஒண்ணு போதும்பா" என்றார். சரி என்றேன். அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது.

அவரைத்தான் இந்தப் பெண்ணிடம் பார்க்கிறேன். ஆனால் இவள் முகம் வேறு. அவர் போனவளை நினைத்தார். இவள் எதையோ சொல்ல வந்து, நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே திரும்பிப் போகிறாள். ஒரு படத்தின் முகத்தில் அதை எப்படிக் கொண்டுவந்தாய் என்று யோசித்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

உன் அப்பா,
சபாபதி


மெல்பர்ன்
5 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? நானும் அப்படியே.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு தேடாதீர்கள். தீபாவளிக்கு இந்த விளையாட்டைப் புதுப்பிக்கிறோம். அப்போது சிவப்புக் குடைக்காரியை எடுத்துவிடப் போகிறேன். யாரும் போய்ச் சேராத ஒரு கதையை எதற்குச் சுமந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். நியாயம்தான். அதை எழுதியிருக்கவே கூடாது.

டேப்பில் இன்டர்நெட் இருந்தால் புதியது தானாக வந்து பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாமினி


கிள்ளான்
22 செப்டம்பர்

அன்பு மகள் ஷாமினிக்கு,

அப்பா சபாபதி எழுதிக்கொள்வது. உடம்பு நலம். மனதைப் பற்றி எழுதத்தான் இன்றைக்குத் தாமரையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தாமரையின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. உதவிக்குத் தாமரை தெலுக் பங்லிமா காராங் ஊருக்குப் போயிருந்தாள், முந்தாநாள்தான் திரும்பினாள். போகும்முன் டேப்பை எப்படித் திறப்பது, பால் எது, தேத்தூள் எது, இஞ்சி எது என்று காட்டிவிட்டுப் போனாள். அதற்கு எழுத்து வேண்டாம், எல்லாம் படம். ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். கார்டுக்குச் சீனி குறைத்து, நாசி லெமாக் அக்காவுக்கு மைலோ. பதில் வரிகள் வந்தால் முதல் வரியைத் தொட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் இங்கே நல்ல மழை. ஜன்னலை அடைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். அங்கேயும் மழை. குடைக்காரி வந்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். இஞ்சித் தே ஒன்று, சீனி இல்லாத கோப்பி ஓ ஒன்று கலக்கி வைத்தேன். மூன்று வரியும் வந்து நின்றன.

எனக்குப் படிக்கத் தெரியாது. தொட்டால் எழுந்து போய்விடுவாள் என்பது மட்டும் தெரியும். தீபாவளிக்குப் பிறகு இவள் வரவே மாட்டாள் என்பதும் தெரியும். என்ன செய்வேன்? இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு ரயில் போனது, கிளாஸ்கள் நடுங்கின. மழை பெய்தது. எந்த மழை எங்கே பெய்கிறது என்றே எனக்குக் குழம்பிவிட்டது. இன்னொரு ரயில் போனது. அப்போது அம்மாடி, அந்த மூன்று வரிகளில் ஒன்று மங்கியது. ஈரச் சுவரில் சுண்ணாம்பு போவது மாதிரி. பிறகு இன்னொன்று. கடைசியாக மிச்சம் இருந்ததும் போய்விட்டது. என்னிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை.

குடைக்காரி தலையைத் தூக்கினாள். இத்தனை மாதத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை. பார்த்தாள். தன் முன்னால் இருந்த அந்த இரண்டாவது கிளாஸை, சீனி இல்லாத கோப்பியை, மெதுவாக நகர்த்தினாள். கண்ணாடியின் இந்தப் பக்கத்துக்கு. எனக்கு.

கலக்கிய கைகள் மேசைக்குக் கீழே போயின. ஒரு முக்காலி இழுபட்டது. கடையைப் பார்க்கிற கண் நின்ற உயரத்திலிருந்து உட்கார்ந்த உயரத்துக்கு இறங்கியது. தண்ணி கலக்குகிறவன் உட்கார்ந்துவிட்டான்.

ஷாமினி, முப்பத்தொரு வருஷம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றேன். எத்தனையோ பேர் தண்ணி சொன்னார்கள். எனக்கு ஒரு தண்ணி சொன்னவர் ஒருவரும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அது வழக்கம் இல்லை, எனக்கே அது தோன்றியதில்லை. அந்தப் பெண் வந்த முதல் நாளிலிருந்து எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேள்வி கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் பேசினாள். எழுத்து மழை மாதிரி கீழே இறங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாம் தெரிந்தது. ஒரு இடத்தில் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு இடத்தில் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டுச் சாவி. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பேசி முடித்துக் குடையை மடியில் வைத்துக்கொண்டாள். முகம், ஜுரம் விட்ட குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக் என்று, தொடு தொடு என்றது.

தொட்டால் எழுந்து போய்விடுவாள் என்று நான் தொடவில்லை. டேப் அணைந்துவிடாமல் சார்ஜ் வயரை மாட்டி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
சபாபதி


கிள்ளான்
24 செப்டம்பர்

அன்புள்ள ஷாமினி அக்காவுக்கு,

தாமரை எழுதுவது. நீங்கள் நலமா? மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

நான் ஊரிலிருந்து வந்த நாள் முதல் டேப் அலமாரிமேல் இருக்கிறது, மேலே ஒரு துண்டு. சாமி படம் மாதிரி. காலையில் துண்டைத் தூக்கிப் பார்க்கிறார், மூடிவிடுகிறார். "மாமா, கொடுங்க, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றேன். மேல தள்ளினா முதல்லேர்ந்து வரும்" என்றேன்.

"உனக்கா சொன்னா அவ? எனக்குத்தானே சொன்னா."

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே மாமா!"

"தெரியாதுன்னு தெரிஞ்சுதானே சொன்னா."

இன்டர்நெட் வந்தால் அவள் அழிந்துபோவாள் என்று நான் விளக்கியதும், என் வீட்டு வைஃபையையே அணைக்கச் சொல்லிவிட்டார். நான் இப்போது போன் டேட்டாவில் காலம் தள்ளுகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
தாமரை


மெல்பர்ன்
12 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த நாளிலிருந்து பலமுறை எழுதத் தொடங்கி நிறுத்தினேன்.

நீங்கள் பார்த்ததை வேறு யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பது என் ஆபீஸுக்கே தெரியாது. கேள்வி வந்து நின்றால் எவரும் எதையாவது தொட்டே தீருவார்கள், நாலு நிமிஷம் சும்மா இருக்க யாருக்கும் பொறுமை கிடையாது, அதனால் அங்கே யாரும் வர மாட்டார்கள் என்றுதான் குடைக்காரி பேசுவதை அங்கே ஒளித்து வைத்தேன். சொல்லவும் வேண்டும், யாரும் கேட்டுவிடவும் கூடாது. நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவில்லை.

அப்பா, அதைத் தாமரையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் உங்களிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணத்தன்று, சமையல்காரர்களை ஒதுக்கிவிட்டு, புதுவேட்டியோடு மண்டப வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் நீங்களே தண்ணி கலக்கிக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர்களெல்லாம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். உங்கள் முகத்தை அன்றைக்குப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் முடியாது.

படித்த பிறகு கோபம் வந்தால் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

ஷாமினி


கிள்ளான்
16 அக்டோபர்

என் மகள் ஷாமினிக்கு,

அப்பா நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

தாமரை படிக்க மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். அந்தச் சின்ன விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீ வந்து படி. படிக்க வேண்டாம் என்று தோன்றினால் அதையும் வந்து சொல். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவது என்று எழுதிவிடாதே. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்கு ஞாபகம் இருந்தது. படம் தெரியும் என்பது மறந்துவிட்டது. பால் டின், மைலோ டின், தேத்தூள் பொட்டலம் எல்லாம் படத்தைப் பார்த்துத்தானே வாழ்நாள் முழுக்க எடுத்தேன்? மே மாதத்துக் காயிதத்தின் ஸ்டாம்பில் கொண்டை வைத்த வெள்ளைக் கிளி இருந்தது. அந்த ஊர்க் கிளி. அதற்குப் பிறகு வந்த மூன்றிலும் செம்பருத்தி. நம் ஊர்ப் பூ. உறைகளை அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். செம்பருத்தி வந்த நாளிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சே உன் காயிதத்தில் இல்லை. கோயிலில் சம்பந்தியம்மா ஏன் நிற்காமல் போனார் என்பதும் விளங்கியது. நானும் மாப்பிள்ளையை விசாரிப்பதை நிறுத்திவிட்டேன். "மாப்பிள்ளையைக் கேக்க மறந்துட்டீங்க மாமா" என்றாள் தாமரை. எனக்கு மறதி வந்துவிட்டதாக அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் மாதமே சொல்லியிருப்பேன். பக்கத்திலேயே இருந்துகொண்டு தூரத்திலிருந்து எழுதுகிறவளுக்கு அந்தத் தூரம் வேண்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் ரயில் சத்தம் கேட்டால் மட்டும் ஜன்னலுக்குப் போவேன்.

கல்யாண மண்டபத்து வாசலில் நான் கலக்கியது என் பிள்ளைக்காக. வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். என் பிள்ளை அப்படியேதான் இருக்கிறாள்.

சுபாங் ஜெயாவில் ஏறினால் கிள்ளான்வரை ஒரே வண்டி, மாற வேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். பகலில் வா. நான் இஞ்சியைத் தட்டி வைக்கிறேன். உன் கிளாஸையும் என் கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டு, இந்தத் தடவை நானும் உட்கார்ந்துகொள்வேன். நீ பேசாவிட்டாலும் நான் எழுந்து போக மாட்டேன். எனக்குப் பழகிவிட்டது.

உன் அப்பா,
சபாபதி

அக்கா, எழுதும்போது இரண்டு இடத்தில் தாள் நனைந்துவிட்டது. மழை இல்லை. — தாமரை


(அடுத்து வந்த கடிதத்தில் தேதி இல்லை, ஊர் இல்லை, ஓர் எழுத்துக்கூட இல்லை. தாள் முழுக்கப் பேனாவால் வரைந்த படம். மேலே ஒரு ரயில், அதன் ஜன்னலில் மடக்கிய சிவப்புக் குடை. கீழே ஒரு மேசை, இரண்டு கிளாஸ், இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் நகம் பிளந்த கட்டைவிரலோடு ஒரு கை ஓய்வாகக் கிடக்கிறது. இன்னொரு நாற்காலி, யாரோ வந்து உட்காரத் தோதாக, கொஞ்சம் வெளியே இழுத்து விடப்பட்டிருக்கிறது. மேசைமேல் ஒரு சாவி. மூலையில் பாதி ஏறிய சூரியன். உறையில் செம்பருத்தி.

சபாபதி அதைத் தாமரையிடம் கொடுக்கவில்லை. தானே படித்தார். பிறகு இஞ்சி வாங்கப் பாசாருக்குப் போனார்.)